தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி

1

இன்று ஜூலை பதினாலு. சைகோனில் விடிந்ததும் ஆற்றங்கரையில் பீரங்கி வெடித்தார்கள். எனக்குச் சுங்க இலாகாவில் துறைமுகத் தராசு வேலை. கப்பல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூடப் போயாக வேண்டும். பிரெஞ்சுக் குடியரசுத் திருநாள் அன்று மட்டும்தான் தராசும் ஓயும், நானும் ஓய்வேன்.

எங்கள் ஊர் பாகூரிலும் இந்நேரம் மேரி என்கிற நகரசபைக் கட்டட வாசலில் கொடி ஏறியிருக்கும். வழுக்கு மரத்துக்கு எண்ணெய் தடவி, உச்சியில் புது வேட்டியைக் கட்டிவிட்டு, நகரசபைத் தலைவர் மேர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாதி மரம் ஏறிச் சறுக்கியவனைப் பார்த்துச் சிரிப்பதற்கே வில்லியனூரிலிருந்து கூட்டம் வரும். இங்கேயும் அதே விழாதான், பார்க்கிறவர்கள் உடைதான் வேறு.

ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்: என் மகள் எலேன் பற்றி அங்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்களாம். "மொரேல் மகளை அமெரிக்கா அனுப்பினானே, போயும் போயும் எந்தக் காலேஜில் சேர்த்தான் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்கிறார்களாம். அந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கல்லூரி அனுப்பத் தகுந்ததா, இல்லையா? நேற்றுக் கப்பல் தபாலில் அவளிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. விடுமுறையும் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

சைகோனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அமெரிக்கப் பாதிரியார் இருந்தார். அவர் மனைவி மார்கரெட் அம்மாளுக்குப் பிரெஞ்சு வராது. எலேனுக்கு இங்கிலீஷ் வராது. இருவரும் சாயங்காலம் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆனார்கள். ஒரு வருஷத்தில் எலேன் இங்கிலீஷில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். மார்கரெட் அம்மாள் பிரெஞ்சில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வந்தார்.

எலேன் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் கடைசிப் பரீட்சை தேறிய வருஷம், அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து தான் படித்த கல்லூரியைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊர். ஊரை விடச் சின்ன கல்லூரி, பெண்களுக்கு மட்டும். லத்தீன், இலக்கியம், சங்கீதம், தத்துவம், கொஞ்சம் தாவர சாஸ்திரம். எலேன் மற்றப் பெண்களோடு பிரெஞ்சில் பேசிப் பழக்கினால் போதும், சாப்பாடும் படிப்பும் அவர்கள் பொறுப்பு.

"அங்கே படித்தால் என்ன ஆகலாம்? டாக்டரா, வக்கீலா?" என்று கேட்டேன்.

"இரண்டும் இல்லை. நன்றாக யோசிக்கத் தெரிந்த மனுஷி ஆகலாம்" என்றார்.

என் மனைவி உள்ளேயிருந்து, "அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம்? இங்கியே அவ ரொம்ப யோசிக்கிறா" என்றாள். அவளுக்கு வில்லியனூரில் ஒரு மாப்பிள்ளை கண்ணில் பட்டிருந்தான். பையன் பத்திரம் பதிகிற நோத்தேரிடம் குமாஸ்தா. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிடுவான் என்பதே அவனுக்குப் பெரிய சிபாரிசு.

நான் தராசுக்காரன். எங்கள் வேலையில் முதலில் மொத்த எடை போடுவோம். பிறகு பெட்டி, வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் சரக்கை மட்டும் எழுதுவோம். அந்தக் கல்லூரியையும் அப்படித்தான் நிறுத்துப் பார்த்தேன். அமெரிக்கா என்ற பெயரைக் கழித்தேன். மணிக்கூண்டையும் புல்வெளியையும் கழித்தேன். மிச்சம் என்ன? கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் வாத்தியார்கள், நாலு வருஷம். ஹனோய்க்குப் போனால் மருத்துவச்சிப் படிப்பாவது கிடைக்கும், கையில் தொழில் இருக்கும். வில்லியனூருக்குப் போனால் குமாஸ்தா பெண்டாட்டி. தராசு முள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

சாய்த்தது எலேன்தான். "எனக்குப் படிக்கணும் பப்பா. எதுக்குன்னு படிச்சப்புறம் சொல்றேன்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதில் இனம் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. யோசிக்காமல் 'பிரெஞ்சு, ஐரோப்பியர்' என்று எழுதினேன். பாகூர் சேரியில் பிறந்தவன் தன் மகளை ஐரோப்பியர் என்று எழுதுவதா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இங்கே சைகோனில் அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் சம்பளம், ஆஸ்பத்திரிக் கட்டில், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் தொங்குகிறது. இத்தனை வருஷம் எழுதி எழுதிக் கை தன்னால் எழுதிவிடும். உலகத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றாது.

3

எங்கள் ஆட்கள் என்றால் யார் என்று சொல்லிவிட வேண்டும். என் அப்பா பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன கூலிக்காரர். சைகோனில் சிப்பாயாக இருந்து திரும்பிய ஒருவன் அவருக்கு ஒரு விஷயம் சொன்னான். நம் வழக்கச் சட்டம் எனக்கு வேண்டாம், பிரெஞ்சுச் சட்டம் போதும் என்று அதிகாரி முன்னால் துறந்து கொடுத்துவிட்டால், சட்டத்தின் கண்ணுக்கு நீயும் வெள்ளைக்காரனும் ஒன்று. அப்பா மறுநாளே மேரிக்குப் போய்க் கைநாட்டு வைத்தார். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. எழுதுகிறவரே மொரேல் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் காத்தவராயன் மொரேல்.

அப்பா புதுச்சேரியில் ஒரு பழைய தொப்பி வாங்கினார். களை பறிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். ஊர் எங்களுக்குத் தொப்பிக்காரன் வூடு என்று பெயர் வைத்தது. அக்கா அஞ்சலைக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதால் அவள் எதையும் துறக்கவில்லை. சேரியிலேயே வாழ்க்கைப்பட்டுச் சேரியிலேயே இருந்தாள்.

அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் தாழ்வாரத்தில் தரையில்தான் உட்கார வேண்டும். அப்பா தலையில் தொப்பியோடும் கையில் காகிதத்தோடும் என்னை இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் நிறுத்தினார்.

"வாத்தியாரே, எம் புள்ள இனிமே பெஞ்சுல தான் குந்துவான். இந்தா காயிதம்" என்றார்.

வாத்தியார் இரண்டு தடவை படித்தார். பிறகு பெஞ்சைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

இந்தக் கதையைச் சைகோனில் எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். எப்போதும் இந்த இடத்தில் நிறுத்துவேன். எல்லோரும் கை தட்டுவார்கள்.

4

கல்லூரியிலிருந்து சம்மதம் வந்த வாரம் எனக்கு ஊர் விடுப்பும் கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மார்கரெட் அம்மாள் வந்தார். கையில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. செட்டியார் கடையில் வாங்கியிருக்கிறார்.

"எலேன், அங்கே போனால் நீ எப்போதும் இதைத்தான் உடுத்த வேண்டும். கவுன் வேண்டாம்" என்றார்.

எலேன் பிறந்ததிலிருந்து கவுன்தான். துறந்த குடும்பம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். ஏன் என்று கேட்டாள். அந்த அம்மாளுக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் கல்லூரியில் கறுப்பு இனத்துப் பெண்களைச் சேர்ப்பதில்லை. நான் எழுதிய ஐரோப்பியர் என்ற சொல்லை அவர் பார்த்தார். பார்த்தும் திருத்தாமல் அனுப்பினார். எலேன் கவுன் போட்டுக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினால் அந்த ஊர்க்காரர்கள் வேறு விதமாக நினைத்துவிடுவார்கள். புடவையும் நெற்றிப் பொட்டுமாக இறங்கினால் இந்தியாவிலிருந்து வந்த ராஜகுடும்பத்துப் பெண் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். "அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விருந்தாளியை மிகவும் மதிப்பவர்கள்" என்றார்.

"அங்கே சமையலறையில் வேலை செய்வது யார்?" என்று எலேன் கேட்டாள்.

"கறுப்புப் பெண்கள்தான்."

"அவங்க பிள்ளைங்க எங்கே படிக்கிறாங்க?"

"அவர்களுக்கும் ஒரு கல்லூரி இருக்கிறது. அதே ஊரில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எங்களுடையதை விடச் சிறியது. நான் பார்த்ததில்லை."

"நாலு வருஷத்திலும் பார்க்கலையா?"

"தண்டவாளத்தைத் தாண்டும் வேலை எனக்கு வரவில்லை" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டுத் தன் பதிலைத் தானே கேட்டவர் போல உட்கார்ந்திருந்தார். நல்ல மனசுக்காரர். பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் என் பொய்யை அனுப்பியிருக்கிறார்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. புடவை கட்டினால் நுழையலாம் என்றால் கட்டிக்கொண்டு நுழைய வேண்டியதுதானே? அப்பா தொப்பி போட்டு நுழைந்தார். இவள் புடவை கட்டி நுழையட்டும். சரக்கு உள்ளே போனால் சரி, பெட்டி எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

5

புதுச்சேரியில் இறங்கிப் பாகூருக்கு வண்டி பிடித்தோம். தவளக்குப்பம் தாண்டிப் போகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கே வரும். அவன் சுங்கச் சிப்பாய் எங்கள் பெட்டிகளைத் திறந்து துணிமணியை எல்லாம் கலைத்தான். நானும் அதே வேலைக்காரன் என்பதால் அவன் கலைத்த லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகவே கலைத்தான். பட்டுப்புடவையைப் பிரித்துப் பார்த்து, "கல்யாணமா?" என்று கேட்டான். எலேன், "இல்லை, காலேஜ்" என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாகூரில் எனக்கு மேரிக்குப் பக்கத்தில் காரை வீடு ஒன்று உண்டு. சேரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அக்கா அங்கிருந்து தினமும் வருவாள், ஆனால் கொல்லைப்புற வழியாகத்தான் வருவாள். முன்வாசலால் வா என்று நான் சொன்னதுண்டு. "தெருவுல இருக்கறவங்க மூஞ்சிய நீயா பாக்கற? நான் இல்ல பாக்கணும்" என்பாள். நானும் அதற்கு மேல் சொல்வதில்லை. எலேன் இதை முதல் நாளே கவனித்தாள்.

புடவை கட்டக் கற்றுக்கொடுக்க அக்காவைத்தான் கூப்பிட்டாள். என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள்.

"இன்னாடி இது, வைக்கப்போர் கட்டின மாதிரி சுத்திக்கினு நிக்கிற? அவுரு அத்த" என்று அக்கா ஆரம்பித்தாள். கொசுவத்தை இழுத்துச் செருகினாள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது புடவை. எலேன் குனிந்து பார்த்தாள்.

"அத்தே, கால் தெரியுதே."

"எனக்குத் தெரிஞ்சது நடவுக் கட்டுதான்டி. சேத்துல எறங்கினா இதான் சௌரியம். ராணிக் கட்டு எனக்கு இன்னா தெரியும்? பண்ணையாரு வூட்டுல போய்க் கேளு." பிறகு கேட்டாள்: "ஆமா, இப்ப எதுக்கு இந்த வேசம்?"

எலேன் தனக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள். கவுன் போட்டால் சேர்க்க மாட்டார்கள் என்றும், புடவை கட்டினால் விருந்தாளி என்று வைத்துக்கொள்வார்கள் என்றும், நாலு வருஷம் என்றும் சொன்னாள்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்க. நாலு வருசத்துக்கு விருந்தாளியா இருக்கப் போறவள இப்பத்தான் பாக்கறேன். நாய் வேசம் போட்டா கொலைச்சுத்தான்டி ஆவணும்."

எலேனும் சிரித்தாள். ஆனால் புடவையை அவிழ்த்து மடித்தவள் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நானும் அவளும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தோம். திரும்பும்போது நான் படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பெஞ்சுகள் மாறியிருந்தன, நீளம் மாறவில்லை.

"பப்பா, அந்த பெஞ்சில் உங்க பக்கத்துல யார் உட்கார்ந்தாங்க?" என்று கேட்டாள்.

இத்தனை விருந்துகளில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் உட்கார்ந்ததும் அதே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். வாத்தியார் அவர்களை மற்ற பெஞ்சுகளில் நெருக்கி உட்கார வைத்தார். அது ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு.

"யாரும் இல்லை" என்றேன்.

"எத்தனை நாள்?"

"நான் படிச்சு முடிக்கிற வரைக்கும்."

அவள் முன்னால் நடந்தாள். வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் நின்றாள். "தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலேஜுக்கு எழுதலாம் பப்பா" என்றாள்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் குறைத்து எழுத முடியாது. என் அப்பா ஒரு கரையிலிருந்து இந்தக் கரைக்கு வரத் தன் வழக்கத்தையே கொடுத்தார். நான் கடல் தாண்டினேன். இவள் இன்னொரு கடலையும் தாண்டிப் போய் அங்கே இருக்கிற சேரியில் இறங்குகிறேன் என்கிறாள். தெருவென்றும் பாராமல் கத்தினேன். உன் தாத்தா தொப்பி போட்டது இதற்குத்தானா என்று கேட்டேன்.

அவள் கத்தவில்லை. "தாத்தா உங்களுக்கு பெஞ்சு வாங்கிக் குடுத்தார். நான் இல்லைன்னு சொல்லல. எனக்குப் பேச ஆள் வேணும் பப்பா" என்றாள்.

பாலத்தில் எங்கள் சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "அந்தப் பக்கம்னா, நம்ம பக்கம்னு சொல்லு. நல்லதாப் போச்சி. பசிச்சா ஒரு வாய் கஞ்சி கேக்கலாம் இல்ல?" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்குடா குதிக்கற? போவப் போறவ அவ" என்றாள்.

6

சைகோனுக்குத் திரும்பியதும் எலேன் மார்கரெட் அம்மாளிடம் புடவையைத் திருப்பிக் கொடுத்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "அங்கே எழுதினால் என் கல்லூரித் தோழிகள் இனி எனக்கு எழுத மாட்டார்கள்" என்றார் அந்த அம்மாள். பிறகு பேனாவை எடுத்தார். இந்த முறை விண்ணப்பத்தை எலேனே நிரப்பினாள், என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை.

இரண்டாவது கல்லூரியையும் தராசில் போட்டேன். பழக்கம் விடாது. மணிக்கூண்டு கிடையாது. நூலகத்தில் பாதி, முதல் கல்லூரி வேண்டாம் என்று தள்ளிய புத்தகங்கள். மழை பெய்தால் ஜெபக்கூடம் ஒழுகுமாம். அங்கே லத்தீனும் சங்கீதமும் தத்துவமும் முதல் கல்லூரி அளவுக்குத்தான் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் தரும் பட்டத்துக்கு வெளியுலகில் மதிப்பு குறைவு. நம் அரசாங்கம் அதை ஏற்குமா என்று இலாகாவில் கேட்டேன். அப்படி ஒரு கல்லூரி இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகும் நல்லதென்றும் சொல்ல முடியவில்லை, கெட்டதென்றும் சொல்ல முடியவில்லை. அங்கிருந்தும் சம்மதம் வந்தது. அனுப்பினேன். பிடித்து அனுப்பவில்லை. அவள் பிடிவாதத்துக்கு அனுப்பினேன். கப்பல் நகர்ந்ததும் என் மனைவி, "வில்லியனூரு மாப்பிள்ளைக்கு என்னா கொறச்சல்?" என்று கேட்டாள். ஒன்றும் குறைச்சல் இல்லை என்றேன்.

இன்று சாயங்காலம் கவர்னர் தோட்டத்தில் விருந்து. ஆண்டுதோறும் என்னைப் பெஞ்சுக் கதை சொல்லச் சொல்லுவார்கள். இந்த வருஷம் போகவில்லை. மேசையில் நேற்று வந்த படத்தை வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரித் தோட்டத்தில் எடுத்த படம். மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் எலேன், அவளுடைய பழைய நீலக் கவுனில். இந்தப் பக்கத்துப் பெண் அவள் தோளில் கையைப் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்துப் பெண் அவள் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள். ஓரத்துப் பெண்ணுக்குப் பாதி இடம்தான் கிடைத்திருக்கிறது. அவள் விழாமல் இருக்க மற்றவள் இடுப்பைப் பிடித்திருக்கிறாள். எல்லோரும் எதற்கோ சிரிக்கிறார்கள். யாருடைய கை எது என்று சொல்வது கஷ்டம்.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா இது, இப்பிடி ஒருத்தி மேல ஒருத்தி நெருக்கிக்கினு குந்தியிருக்குதுங்க? அந்தக் காலேஜுல வேற பெஞ்சே கெடயாதா?"

"அவங்களுக்குப் பின்னால பாரு" என்றேன். "இன்னொரு பெஞ்சு காலியாத்தான் கெடக்குது."